கல்வித் தகுதி: வேனில் ஓர் இடம்

விருதுநகர் மாவட்டத்தில் ஒருவர் முறைப்படி டியூப்லைட் மாட்டும் ஆளாக வேண்டுமென்றால் அரசாங்கம் அவரை அத்தனை லேசில் விடாது. வயர்மேன் படிப்பில் சேர எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் என்றால் பத்தாம் வகுப்பு. கணக்கும் அறிவியலும் படித்திருக்க வேண்டும். சேர்ந்தபின் ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம். டெஸ்டரை எப்படிப் பிடிப்பது, எந்த லைனுக்கு எந்தத் தடிமனில் பியூஸ் கம்பி, எர்த் குழியில் கரியையும் உப்பையும் எப்படி அடுக்கடுக்காகக் கொட்டுவது என்று வாத்தியார் சொல்லித்தருவார். 'ஒர்க்‌ஷாப் கால்குலேஷன்' என்ற பெயரில் பின்னம், விகிதம், சதவீதம், எடை, பரப்பளவு எல்லாம் மறுபடி முதலிலிருந்து. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, மூடு காலணி, பஸ் பாஸ் எல்லாம் கொடுத்து, கடைசியில் அகில இந்திய அளவில் ஒரு தேர்வும் வைப்பார்கள். ஐ.டி.ஐ. வாசலையே மிதிக்காமல் மேஸ்திரி பின்னால் சுற்றித் தொழில் பழகியவரையும் விட்டுவைப்பதில்லை. அவருக்கென்றே 'மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு' என்று ஒன்று இருக்கிறது.

சரிதான். கரண்ட் என்ன விளையாட்டுப் பொருளா?

இதே மாவட்டத்தில், சிவகாசிப் பக்கமோ சாத்தூர் பக்கமோ வெம்பக்கோட்டைப் பக்கமோ, ஒருவர் அலுமினியப் பவுடரையும் வெடியுப்பையும் கந்தகத்தையும் சலித்துக் கலந்து காகிதக் குழாயில் அடைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு என்ன படித்திருக்க வேண்டும்? விடிகாலையில் ஊர் முக்குக்கு வரும் ஆலை வேனில் ஓர் இடம் காலியாக இருக்க வேண்டும். படிப்பு அவ்வளவுதான். நேற்று வரை அந்த இடத்தில் உட்கார்ந்து வந்தவர் இன்றைக்கு ஏன் வரவில்லை என்று கேட்காமல் இருக்கத் தெரிந்தால் அது கூடுதல் தகுதி.

எலக்ட்ரீஷியன், பிட்டர், வெல்டர், டர்னர், மோட்டார் மெக்கானிக் என்று ஐ.டி.ஐ. சேர்க்கை விளம்பரங்களில் நீளும் பட்டியலை வருஷா வருஷம் படிக்கிறேன். 'மருந்து கலப்பவர்' என்ற டிரேடு என் கண்ணில் பட்டதில்லை. நாட்டின் பட்டாசில் தொண்ணூறு சதவீதம் எங்கள் மண்ணில்தான் செய்யப்படுகிறது என்று மேடைக்கு மேடை மார்தட்டுகிறோம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள் இங்கே. அந்தத் தொழிலின் அடிமடியில் இருக்கும் வேலைக்கு ஒரு பாடப்புத்தகம் இல்லை, ஒரு தேர்வு இல்லை, தேறாதவர் என்று ஒருவரும் இல்லை. இந்த வேலையில் தேறாதவர் யார் என்பது மறுநாள் தினத்தந்தியில்தான் தெரியவரும்.

ஆசிரியர் விஷயத்துக்கு வருவோம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அரையும் காலும் சேர்ந்தால் முக்கால் என்று சொல்லித்தர, தமிழ்நாட்டில் பட்டயமோ பட்டமோ போதாது. பி.எட். இப்போது இரண்டு வருஷம். அதற்கு மேல் டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வு. 2012 ஜூலையில் இங்கே முதல் டெட் நடந்தது. 150 கேள்வி, 90 நிமிஷம். ஆறரை லட்சம் பேருக்கு மேல் எழுதினார்கள், தேறியவர்கள் 2,448. நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. தரம் முக்கியம் என்றார்கள். பிள்ளைகளின் எதிர்காலத்தோடு விளையாட முடியாது என்றார்கள். 2025 செப்டம்பர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், பல வருஷமாக வேலையில் இருக்கும் ஆசிரியரும், ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் இருந்தால், இரண்டு வருஷத்துக்குள் டெட் தேற வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஐம்பது வயது வாத்தியார் ராத்திரி கண்விழித்துக் குழந்தை உளவியல் மனப்பாடம் செய்கிறார். பின்னத்தைத் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டால் நாடு என்ன ஆவது?

அந்த முதல் டெட் நடந்த அதே 2012இல், செப்டம்பர் 5ஆம் தேதி, ஊரெல்லாம் ஆசிரியர் தினம் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, சிவகாசிக்குப் பக்கத்தில் முதலிப்பட்டியில் ஓர் ஆலை வெடித்தது. உரிமத்தை நிறுத்திவைக்க உத்தரவான ஆலை. உத்தரவு காகிதத்தில் இருந்தது, ஆட்கள் அறைகளில் இருந்தார்கள். செத்தவர்கள் நாற்பதை ஒட்டி. அதில் பலர் ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை. முதல் வெடிச்சத்தம் கேட்டு, மாட்டிக்கொண்டவர்களை இழுத்துப்போட அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஓடிவந்தவர்கள், என்ன என்று பார்க்க வந்தவர்கள். அடுத்து வெடித்த பெரிய வெடி அவர்களைத்தான் எடுத்துக்கொண்டது.

பட்டாசு ஆலையில் புகை கிளம்பினால் அதை நோக்கி ஓடக்கூடாது, முதல் வெடிக்குப் பின்னால் இன்னொன்று காத்திருக்கும் என்ற ஒரு வரிப் பாடத்தை அந்த ஊர்களில் எந்த ஆசிரியர் எந்த வகுப்பில் நடத்தியிருந்தார்? கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் தகர செட்டுகளும் மருந்தறைகளும் நிற்கும் பகுதி இது. அமேசான் காடு எந்தக் கண்டத்தில் இருக்கிறது என்பது இங்கே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். அரைக் கிலோமீட்டரில் இருக்கும் மருந்துக் கிட்டங்கி வெடித்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்பது தெரியாது. அது சிலபஸில் இல்லை. சிலபஸில் இல்லாததை நடத்தினால் வாத்தியாருக்கு மெமோ.

ஐ.டி.ஐ.யில் பாடம் நடத்தும் பயிற்றுநருக்கே தனியாக ஒரு வருஷப் பயிற்றுநர் படிப்பு வைத்திருக்கிறார்கள். கிண்டியில் மத்திய அரசின் பயிற்சி நிறுவனமே இருக்கிறது. கரும்பலகையில் எப்படி எழுதுவது, மாணவன் கையில் ரம்பத்தை எந்தக் கோணத்தில் கொடுப்பது என்பதற்கெல்லாம் விதிமுறை. மருந்தறைக்குப் புதிதாக வரும் பெண்ணுக்கு ஆசிரியர் யார்? பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்கா. அந்த அக்காவுக்குக் கூலி குரோஸ் கணக்கில். புதியவளுக்கு ஒரு விஷயத்தைப் பொறுமையாகச் சொல்லிக் காட்டினால் அக்காவுக்கு அன்றைக்கு ஒரு குரோஸ் குறையும். ஆகவே பாடத்திட்டம் சுருக்கமானது: "ஏ புள்ள, நான் செய்யுற மாதிரியே செய்யி. அழுத்தாத." தமிழ்நாட்டிலேயே மிகக் குறைந்த நேரத்தில் முடியும் தொழிற்படிப்பு இது. பாடம் நடத்தினால் கூலியில் வெட்டு விழும் ஒரே ஆசிரியையும் அவள்தான்.

முறைப்படி பயிற்சியே இல்லை என்று நான் சொல்லவில்லை. அரசின் தொழிலகப் பாதுகாப்புத் துறை பயிற்சி வகுப்பு நடத்துகிறது. சட்டம் பயிற்சி கட்டாயம் என்கிறது. வெடிபொருள் சட்டம் 1884இலிருந்து இருக்கிறது, விதிகள் 2008இல் புதுப்பிக்கப்பட்டன. போர்மேன் என்று ஒருவர் இருக்கிறார். அவரிடம் சான்றிதழும் இருக்கும். வகுப்புக்கு ஆள் அனுப்பச் சொன்னால் ஆலையும் அனுப்பும். எந்த ஆளை அனுப்புவார்கள் என்று நினைக்கிறீர்கள்? சீசன் நேரத்தில் மருந்து கலக்கும் கையை யாராவது நாற்காலியில் உட்காரவைத்துப் படம் காட்ட அனுப்புவார்களா? வருகைப்பதிவேடு நிரம்புகிறது, போட்டோ எடுக்கப்படுகிறது, பிஸ்கட் விநியோகிக்கப்படுகிறது.

இந்த ஊரின் வரலாறு தெரிந்தவனுக்கு இதில் ஒரு தனி எரிச்சல் உண்டு. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் இந்தக் கந்தக பூமியிலிருந்து கிளம்பி, ஏறத்தாழ இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டிக் கல்கத்தாவுக்குப் போனார்கள். எதற்கு? தீப்பெட்டி செய்வது எப்படி என்று படிக்க. பல மாதம் தங்கி, மருந்து எப்படிக் கலக்கிறது, எப்போது பற்றிக்கொள்கிறது என்று பார்த்துப் பழகி, 1923இல் திரும்பிவந்து தொழில் போட்டார்கள். தீப்பெட்டி, பிறகு பட்டாசு, பிறகு லேபிள் அடிக்க அச்சகம் என்று ஊர் வளர்ந்தது. குட்டி ஜப்பான் என்று நேரு சொன்னதாக இங்கே டீக்கடைப் பையன்கூடச் சொல்வான். எல்லாவற்றுக்கும் வேர் அந்த ரயில் பயணம், அந்தப் படிப்பு. முதலாளியே போய்ப் படித்துவிட்டு வந்து மருந்தைத் தொட்ட ஊர் இது. அப்படி முழுதாகப் படித்துவிட்டுத் தொட்டவர்களில் கடைசி இருவரும் அவர்களே என்று சொல்லுமளவுக்குப் பிறகு நிலைமை ஆயிற்று.

படிப்பு என்றால் முகம் சுளிக்கும் ஊர் என்று யாரும் எங்களைச் சொல்லிவிட முடியாது. வீட்டுக்கு வீடு பிடியரிசி வாங்கிப் பள்ளிக்கூடம் நடத்திய மரபு விருதுநகருடையது. பட்டாசுப் பணம் கல்லூரிகளாக நிமிர்ந்து நிற்கிறது. அய்ய நாடார் ஜானகி அம்மாள் பெயரில் 1963இல் ஒரு கல்லூரி. ஸ்டாண்டர்டு ஃபயர் ஒர்க்ஸ் என்ற பெயரையே முன்னால் வைத்துக்கொண்டு 1968இல் பெண்களுக்கு ஒரு கல்லூரி. அலுமினியப் பவுடர் நிறுவனத்தின் பெயரில் 1984இல் மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரி. நல்ல கல்லூரிகள்தான், எத்தனையோ குடும்பங்களைத் தூக்கிவிட்டவை. அவற்றின் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அலுமினியப் பவுடரின் பெயரை நெற்றியில் எழுதிக்கொண்டு பொறியியல் சொல்லித்தரும் ஊரில், அந்தப் பவுடரைக் கையில் அள்ளுகிறவருக்கு அது எப்போது சூடேறும் என்று சொல்லித்தர ஒரு திண்ணைகூட ஒதுக்கப்படவில்லை. அம்மா செட்டில், மகள் கல்லூரியில். மகளுக்கு மாதம் 1,000 ரூபாய் புதுமைப் பெண் பணம் வருகிறது. அந்தத் திட்டம் தொடங்கிய நாள் 2022 செப்டம்பர் 5, முதலிப்பட்டிக்குச் சரியாகப் பத்தாம் வருஷம். தேதி வைத்தவருக்கு அது ஞாபகம் இருந்திருக்காது. ஞாபகம் வைத்துக்கொள்ள அது தலைநகரில் வெடிக்கவில்லையே.

மின்சாரத்துக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் இங்கேதான் கூத்து. மருந்தறைக்குள் ஒயரிங் கிடையாது, சுவிட்ச் கிடையாது, பல்பு கிடையாது. பகல் வெளிச்சத்தில் மட்டும் வேலை. ஆனாலும் அங்கே ஆளைக் கொல்வதில் மின்சாரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஒயரில் வராத மின்சாரம். பாலியஸ்டர் சேலை உடம்பில் உரசினால் சேரும், காய்ந்த காற்றில் பிளாஸ்டிக் வாளியை இழுத்தால் சேரும், சேர்ந்தது ஒரு பொறியாகக் கழியும். நம் வீட்டில் அது கதவுப்பிடியைத் தொட்டதும் 'சுரீர்' என்று ஒரு நொடி. நைஸ் அலுமினியப் பவுடர் மிதக்கும் அறையில் அந்தச் 'சுரீர்' போதும். அதற்காகத்தான் உள்ளே போகுமுன் தரையோடு இணைத்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போ, பருத்தித் துணி கட்டு, இரும்புச் சாமான் கொண்டுபோகாதே என்கிறார்கள். எர்த்திங் பற்றி ஐ.டி.ஐ.யில் மாதக்கணக்கில் பாடம் எடுக்கிறார்களே, அந்தப் பாடம் உயிர் காக்கும் இடம் சமையலறை மிக்ஸியைவிட இதுதான்.

பருத்திச் சேலைக்குக் காசு யார் கொடுப்பது என்பது அந்தப் பாடத்தில் வராது. எர்த் தகடு எங்கே போய்ச் சேர்கிறது, குழி காய்ந்து கிடக்கிறதா, எர்த் டெஸ்டர் வைத்து யாராவது கடைசியாக எப்போது அளந்தார்கள் என்பதும் வராது. எங்கள் மாவட்டத்தில் எலக்ட்ரீஷியன் படித்துவிட்டு வேலை தேடி ஸ்ரீபெரும்புதூருக்கும் துபாய்க்கும் பஸ்ஸும் விமானமும் ஏறுகிற பையன்கள் ஏராளம். அவர்களில் ஒருவனை ஓர் ஆலைக்கு, எர்த் குழிக்கு மாதம் ஒருமுறை தண்ணீர் ஊற்றி அளந்து எழுதிவைக்கும் வேலைக்கு வைத்தால் என்ன என்று கேட்டுப்பாருங்கள். "அண்ணாச்சி, அதுக்குத் தனியா ஒரு சம்பளமா?" என்று பதில் வரும்.

அடிப்படைக் கணக்குதான் எனக்கு முக்கியம். அங்கேதான் இந்த மாவட்டத்தின் மேதைமை முழுதாகத் தெரியும்.

முதலில் ஒரு பெருமை. பிளஸ் டூ தேர்ச்சியில் விருதுநகர் மாவட்டம் முன்வரிசைக்காரன், 2023இல் 97.85 சதவீதத்தோடு மாநிலத்துக்கே முதலிடம். அதே மாவட்டம் 2018இலிருந்து மத்திய அரசின் 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' பட்டியலிலும் இருக்கிறது. வகுப்பில் முதல் ரேங்க் வாங்கும் பையனையே சிறப்பு வகுப்பிலும் உட்காரவைத்திருக்கிறோம்.

இனி கணக்கு. ஒவ்வொரு அறை வாசலிலும் எழுதியிருக்க வேண்டும்: உள்ளே இத்தனை பேர், இத்தனை கிலோ. பெரும்பாலும் நாலு பேர். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் வரும் செய்தி, அறையில் அனுமதித்ததைவிட அதிகம் பேர் இருந்தார்கள் என்பது. பிளஸ் டூவில் முதலிடம் பிடித்த மாவட்டத்துக்கு நாலுக்கும் பத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று நம்பச் சொல்கிறார்கள். ஆய்வுக்கு வண்டி கிளம்பிவிட்டது என்று போன் வந்தால் மட்டும் வித்தியாசம் சட்டென்று விளங்கிவிடுகிறது. பத்திலிருந்து நாலைக் கழித்து, மீதி ஆறு பேரை வேப்பமரத்தடிக்கு அனுப்ப ஐந்து நிமிஷம்கூட ஆவதில்லை. கழித்தல் கணக்கு எங்களுக்கு அத்துப்படி.

பிறகு வகுத்தல். உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். மருந்தின் அளவைப் பொறுத்து மாவட்ட வருவாய் அலுவலர் உரிமம், சென்னை உரிமம், நாக்பூர் உரிமம். அளவு கூடக் கூட அலுவலகம் தூரம் போகும், ஆய்வுக்கு வரும் ஆளும் தூரத்திலிருந்து வருவார். உரிமம் வாங்கியவர் செட்டுகளைப் பிரித்து உள்குத்தகைக்கு விடுவார். அது சட்டப்படி கூடாது, ஊருக்கே தெரியும். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற ஆலையும் பல கைக்குக் குத்தகைக்கு விடப்பட்டிருந்தது என்றுதான் செய்தி வந்தது. குத்தகைக்காரருக்குச் சீசன் முடிவதற்குள் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும். நாலு அறையில் நடக்க வேண்டியது ஓர் அறையில், பிறகு மரத்தடியில், பிறகு வீட்டுத் திண்ணையில். லாபம் வகுபட்டு நாலு பேருக்குப் போகும். விபத்து நடந்த மறுநாள் அந்த நாலும் பூஜ்யமாகிவிடும். உரிமதாரர் தலைமறைவு, குத்தகைக்காரர் தலைமறைவு, போர்மேன் கைது. எந்த எண்ணைப் போட்டு ஆரம்பித்தாலும் விடை போர்மேன்.

தொழிலாளர் பக்கத்துக் கணக்கையும் பார்க்க வேண்டும். எண்பதுகளில் இந்தப் பகுதியில் விடிகாலை மூன்று நாலு மணிக்கு ஆலை வண்டி வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போனது. எட்டு வயதுப் பிள்ளை தூக்கக் கலக்கத்தில் தீக்குச்சி அடுக்கியது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10ஆம் தேதி உச்ச நீதிமன்றம், பிள்ளையை வேலைக்கு வைத்தவர் ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. பிள்ளைகள் மெல்ல மெல்லப் பள்ளிக்கூடம் திரும்பினார்கள். அது உண்மையான வெற்றி, மறுக்கமாட்டேன். ஆனால் அன்றைக்கு அந்த வண்டியில் ஏறிய பிள்ளைகள் எங்கே? ஐம்பதை ஒட்டிய வயதில் இன்றைய வேனில் உட்கார்ந்திருக்கிறார்கள். கிலோவும் கிராமும் சொல்லித்தந்த வகுப்பு நடந்தபோது அவர்களைக் குச்சி அடுக்கக் கூட்டிப்போனது எந்தத் தொழிலோ, அதே தொழில் இன்றைக்கு அவர்களிடம் மருந்தை நிறுத்துப் போடச் சொல்கிறது. பிறகு அறிக்கை எழுதுகிறது: தொழிலாளரின் கவனக்குறைவு.

அவர்களுக்குக் கணக்குத் தெரியாது என்று மட்டும் யாரும் நினைத்துவிடக் கூடாது. ஒரு குரோஸ் 144. ஏழு குரோஸ் எவ்வளவு என்று கேட்டால் செல்போனைத் தேடும் பட்டதாரிகளை நான் பார்த்திருக்கிறேன். செட்டில் உட்கார்ந்திருக்கும் அக்கா கை நிற்காமல் "ஆயிரத்தெட்டு" என்பாள். அவளுடைய கணக்கு நம்முடையதைவிடத் துல்லியம். மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவந்து வேலை செய் என்பது விதி. எடுத்துவர நடக்கும் நேரத்துக்குக் கூலி இல்லை என்பது பீஸ் ரேட்டு. இரண்டையும் கூட்டினால் என்ன வரும்? மொத்தமாக வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்வதுதான் வரும். அன்றைய மிச்ச மருந்தை அன்றைக்கே அழித்துவிடு என்பது விதி. ஈரம் பட்ட அலுமினியக் கலவை ராத்திரியெல்லாம் உள்ளுக்குள் சூடேறிக் காலையில் தொட்ட கையோடு வெடிக்கும். அழித்த மருந்தின் விலை யார் தலையில் என்று குத்தகைக்காரர் ஒரு முறை பார்த்தால் போதும், மிச்சம் மூடிவைக்கப்படும். விதி தெரியாததால் மட்டுமே இங்கே ஆட்கள் சாகவில்லை. விதியைக் கடைப்பிடித்தால் அடுப்பு எரியாது என்று கூலியை வகுத்தவர் யாரோ, அவருக்குத்தான் பாடம் தேவை.

ஆனால் ஒவ்வொரு முறையும் காவல்துறைக் குறிப்பில் குற்றவாளி ஒருவனே: உராய்வு. மணிமருந்து உராய்வால் விபத்து, மருந்து செலுத்தும்போது உராய்வால் விபத்து. 2023 அக்டோபர் 17ஆம் தேதி ஒரே நாளில் ரெங்கபாளையத்திலும் கிச்சநாயக்கன்பட்டியிலும் சேர்த்து 14 பேர். நாலு மாதம் கழித்து 2024 பிப்ரவரி 17ஆம் தேதி வெம்பக்கோட்டை வட்டாரத்தில் 10 பேர். அதே வருஷம் மே மாதம் செங்கமலப்பட்டி. 2025 ஜூலை முதல் தேதி சின்னக்காமன்பட்டி. இத்தனை கொலைகளைச் செய்த உராய்வை இன்றுவரை ஒரு கோர்ட்டிலும் நிறுத்தவில்லை. அவனுக்குச் சொத்து இல்லை, குடும்பம் இல்லை, கட்சி இல்லை. இப்படியொரு வசதியான குற்றவாளி கிடைத்தால் யார்தான் வேறு ஆளைத் தேடுவார்கள்?

தொடக்கப்பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் எண் வரிசை என்று ஒரு பாடம் வரும். முதலிப்பட்டியில் 2012இல் செத்தவர் குடும்பத்துக்கு மாநில அரசு தந்தது 2 லட்சம். 2021 அச்சங்குளத்துக்கு 3 லட்சம். 2025 சின்னக்காமன்பட்டிக்கு 4 லட்சம். இடையில் அச்சங்குளம் குடும்பங்களுக்குத் தலைக்கு 20 லட்சம் என்றது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். இனி மூன்றாம் வகுப்புக் கேள்வி: 2, 3, 4, 20. இதில் பொருந்தாத எண் எது? சரியாகச் சொன்ன பிள்ளைக்கு அரசு வேலை நிச்சயம்.

இதற்கு நடுவில் நாம் நாலாவது தொழிற்புரட்சிக்குள் நுழைந்துவிட்டோம். 2022இல் மாநில அரசு டாடா டெக்னாலஜிஸோடு ஒப்பந்தம் போட்டு, 71 அரசு ஐ.டி.ஐ.களை 2,877 கோடி ரூபாயில் 4.0 தொழில்நுட்ப மையங்களாக மாற்றக் கிளம்பியது. ஒன்றுக்குச் சராசரி 40 கோடி. ரோபோ வந்திருக்கிறது, மின்வாகனம் வந்திருக்கிறது, கம்ப்யூட்டர் சொல்வதைக் கேட்டுக் கடையும் லேத் வந்திருக்கிறது. வரட்டும், ஏழை வீட்டுப் பையன் கையில் நல்ல இயந்திரம் கிடைப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். அந்த ரோபோ மாணவர்கள் முன்னால் ஒரு பெட்டியை இங்கிருந்து எடுத்து அங்கே வைத்துக் காட்டுகிறது. பெட்டிக்குள் ஒன்றுமில்லை. அந்த இரும்புக் கை நகர வேண்டிய இடம் எது என்று விருதுநகர் மாவட்டத்தில் எந்தக் கைக்குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். மருந்து கலக்கும் அறையில் மனிதக் கை வேண்டாம், வெளியே நின்று பொத்தானை அழுத்தினால் போதும் என்று ஆக்குவது ராக்கெட் விஞ்ஞானமில்லை. மனிதக் கை மலிவு, அதுதான் சிக்கல். ரோபோவுக்கு மராமத்துச் செலவு உண்டு. மனிதக் கை போனால் செலவு அரசாங்கத்தோடது.

ஆகவே படிப்பு வேண்டும் என்று நானும் சொல்கிறேன். மாணவர்களை மட்டும் மாற்றிவிடுவோம். தொழிலாளியைக் கூப்பிட்டுப் பிஸ்கட் கொடுத்தது போதும். முதல் பெஞ்சில் உரிமதாரர். இரண்டாவதில் உள்குத்தகைக்காரர், அவர் யாரென்றே தெரியாது என்று சொல்பவர் அவர் பக்கத்திலேயே. மூன்றாவதில் ஆய்வுக்குக் கிளம்புமுன் போன் போடும் புண்ணியவான். கடைசி பெஞ்சு, தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் 'ஹோல்சேல் ரேட்டு' கேட்டுச் சிவகாசிக்குக் கார் எடுத்து வருகிறோமே, நமக்கு. பாலியஸ்டர் சட்டை போட்டு வந்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். வகுப்பு மே மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கு, தகர செட்டுக்குள், தரையில். உதவித்தொகை பீஸ் ரேட்டில். செய்முறைத் தேர்வு: நாலு பேர் அறையில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்க, பதினோராவதாக உரிமதாரர் போய் நடுவில் உட்கார்ந்து, ஒரு நாள் முழுக்க மருந்து செலுத்த வேண்டும். கூடவே அவர் வீட்டுப் பிள்ளை ஒன்றும் இருந்தால் இன்னும் நல்லது. அன்றைக்கு அந்த அறை வாசலில் எழுதியிருக்கும் எண் எவ்வளவு வேகமாக மதிக்கப்படும் என்று பார்க்க ஆசைப்படுகிறேன். செம்புத் தகடு பளபளக்கும். எர்த் குழியில் தண்ணீர் ததும்பும். பருத்திச் சேலை இலவசமாகவே வந்து இறங்கும்.

2024 நவம்பரில் முதலமைச்சர் விருதுநகருக்கு வந்தார். பட்டாசு விபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் படிப்புச் செலவை இனி அரசே ஏற்கும், அதற்காக 5 கோடி ரூபாயில் ஒரு நிதியம் என்று அறிவித்தார். கைதட்டல் கேட்டது. நானும் தட்டியிருப்பேன், தாயைப் பறிகொடுத்த பிள்ளைக்குப் படிப்பாவது மிஞ்சட்டும். அந்தப் பிள்ளை எலக்ட்ரீஷியன் ஆகலாம், பி.எட். முடிக்கலாம், பொறியியல் படிக்கலாம். அந்த வருஷத் தீபாவளிக்கு 6,000 கோடி ரூபாய்க்குப் பட்டாசு விற்றது என்று வணிகர்கள் சொன்னார்கள். 1,200 ரூபாய்க்கு ஒரு கிஃப்ட் பாக்ஸ் வாங்கினால் அதில் ஒரு ரூபாய், அவ்வளவுதான் அந்த 5 கோடி. அந்த ஒரு ரூபாய்கூடப் பெட்டியை விற்றவரிடமிருந்து வரவில்லை, அரசுக் கஜானாவிலிருந்து வந்தது. கோப்பில் 5 என்ற எண்ணை எழுதுமுன் தலைமைச் செயலகத்தில் யாரோ ஒரு படித்த அதிகாரி பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டிருப்பார். தலைக்கு இவ்வளவு செலவு, இத்தனை பிள்ளைகள் என்று. எனக்கு அந்தத் தாளைப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே அநாதையானவர்களை மட்டும் எண்ணினாரா, இப்போது அம்மாவோடு விடிகாலையில் எழுந்து பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும் பிள்ளைகளையும் உத்தேசமாகச் சேர்த்துக்கொண்டாரா?